பழமை வனையும் கைகள்

1995ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இசைக்கருவி வணிகரின் பெருங்கண்காட்சியொன்று நடைபெற்றது. அங்கே ஃபென்டர் நிறுவனத்தாரின் கூடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு மின் கித்தார்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் நிறம் மங்கியிருந்தது. மேலிட்ட மெருகு மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. ஓரங்களில் மரம் வெளியே தெரிந்தது, ஆணிகளிலே துருவேறியிருந்தது. பார்க்க வந்தோர் பலர், நிறுவனத்தார் தம் பழைய நாளைக் கருவிகள் இரண்டைத் தேடியெடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கின்றனர் என்றே எண்ணினர். நாற்பதாண்டுப் பழமை தோன்றிய அக்கருவிகளோ அண்மையிலேதான் செய்து முடிக்கப்பெற்றவை. உண்மை வெளியானதும் வணிகர்கள் முகஞ்சுளிக்கவில்லை. எத்தனை தருவீர்கள் என்று கேட்டனர்.

அந்தக் கருவிகளுக்கு நிறுவனத்தார் இட்ட பெயர் 'றெலிக்' என்பது. புனிதர்களின் திருப்பண்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. புனிதர் ஒருவரும் தொட்டறியாத மரத்துக்குத் திருப்பண்டம் என்று பெயர் சூட்டியதில் வணிகரின் துணிவு விளங்குகிறது. ஆயினும் அன்று தொடங்கிய வழக்கம் ஒருநாள் வேடிக்கையாக முடிந்துவிடவில்லை. புதிய கருவியைப் பழையதாக்கி, புதியதினும் மிக்க விலைக்கு விற்கும் தொழில் இன்று கித்தார் உலகிலே நிலைபெற்றுவிட்டது. அது நிலைபெற்றது எவ்வாறு என்பதை அறிய, கருவியின் பிறப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மின் கித்தாரின் வரலாறு நீண்டதன்று. சாதாரணக் கித்தாருக்குக் குடம் போன்ற பொள்ளலான உடல் உண்டு. தந்தியின் அதிர்வை அந்த உடலே பெருக்கி வெளியிடும். மின் கித்தாருக்கு அத்தகைய உடல் வேண்டியதில்லை. தந்திகளுக்குக் கீழே காந்தத் துண்டுகளும், அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். உருக்குத் தந்தி அதிரும்பொழுது சுருளிலே சிறு மின்னோட்டம் பிறக்கும். அதனை ஒலிபெருக்கி வாங்கி முழக்கமாக்கும். ஆகவே கித்தாரின் உடல் வெறும் பலகையாக இருந்தாலும் போதும். இதனைக் கண்டு, பலகைக் கித்தாரைப் பெருந்தொகையாகச் செய்து விற்று வெற்றி பெற்றவர் லியோ ஃபென்டர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்னும் சிறு நகரிலே வானொலிப்பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர் அவர். கித்தார் மீட்டத் தெரியாதவருங்கூட. 1950ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருவி, மறுயாண்டிலே பெயர் மாறி 'டெலிகாஸ்டர்' ஆயிற்று. 1954ஆம் ஆண்டில் 'ஸ்ட்ராற்றோகாஸ்டர்' வந்தது. தோள் வளைந்து, விலாப்புறம் குழிந்து, மீட்டுவோன் மார்போடு பொருந்தும் வண்ணம் அமைந்தது அது.

லியோ ஃபென்டர் கருவிகளுக்குப் பூசிய மெருகே இக்கதையின் மறை நாயகன் எனலாம். நைத்திரோசெலுலோசு என்னும் அந்த மெருகு, பஞ்சை அமிலங்களோடு வினைப்படுத்தி, வரும் பொருளைக் கரைப்பானிலே கரைத்துச் செய்யப்படுவது. 1920களில் அமெரிக்க மோட்டார்த் தொழிலிலே பரவியது. விசிறியடித்தால் விரைவில் உலர்வது. ஃபென்டர் தம் கித்தார்களுக்கு மோட்டார் வண்டிகளின் நிறங்களையே எடுத்தாண்டார். ஃபோர்ட் வண்டியின் செந்நிறமும் கடிலாக் வண்டியின் நீலமும் கித்தாருக்கு வந்து சேர்ந்தன.

இம்மெருகுக்கு ஒரு குணம் உண்டு. கரைப்பான் ஆவியாகிப் போவதாலேயே அது உலர்கிறது. போக்கு முதல் நாளோடு முடிவதில்லை. ஆண்டுக்கணக்காகச் சிறிது சிறிதாக நடக்கும். மெருகு மெலியும், சுருங்கும், மஞ்சளிக்கும். கீழேயுள்ள மரம் வெப்பத்தில் விரிந்து குளிரில் ஒடுங்கும்பொழுது, மெருகு அதனோடு ஒத்துச் செல்லமாட்டாமல் வெடிக்கும். பனி விழும் இரவிலே வண்டியில் கிடந்த கித்தாரை வெப்பமான மண்டபத்துக்குள் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தால், அந்தக் கணத்திலேயே மேற்பரப்பு சிலந்திவலைபோல் கீறிவிடுவதும் உண்டு. தேய்வுக்கும் அம்மெருகு எளிதில் இடங்கொடுக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர்; கை ஊர மெருகு தேய்வதில் வியப்பில்லை.

ஆனால் அத்தேய்வு கண்டபடி நிகழ்வதன்று. வலக் கையின் முன்பகுதி படியும் மேல்விளிம்பிலே முதலில் மரம் தெரியும். முதுகுப்புறத்தில் இடைப்பட்டியின் கொளுக்கி உரசி ஒரு வட்டத்தை உண்டாக்கும். தந்திகளுக்குக் கீழே மீட்டும் தகட்டின் கீறல்கள் விழும். வெண்ணிற மேப்பிள் மரத்தாலான கழுத்திலே, விரல்கள் மிகுதியாக நாடும் சில மெட்டுக்களுக்கிடையில் மெருகு போய், அழுக்கேறிச் சாம்பல் நிறத் திட்டுக்கள் தோன்றும். புகைப்பழக்கம் உள்ளவர்கள் எரியும் சிகரெட்டைத் தலைப்பகுதியின் தந்தியிடுக்கிலே செருகி வைத்து மறந்துபோவர். அங்கே கரிந்த வடு ஒன்று நிற்கும். கித்தாரை நன்கறிந்தவன் ஒருவன் அதன் தேய்வைப் பார்த்தே, அதனை வைத்திருந்தவன் நின்று மீட்டினானா இருந்து மீட்டினானா, எந்தச் சுருதிகளை விரும்பினான் என்று ஓரளவு சொல்லிவிடுவான்.

1965ஆம் ஆண்டு சனவரியில், உடல்நலம் குன்றியிருந்த லியோ ஃபென்டர் தம் நிறுவனத்தை 13 மில்லியன் டொலருக்கு விற்றார். வாங்கியவர்கள் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தார். வானொலி திருத்துநரின் கடையிலே பிறந்த தொழில் ஓர் ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது பொருத்தம் போலத் தோன்றினாலும், மீட்டுவோர் அதனை நன்மையாகக் கருதவில்லை. செய்தொகை பெருகியது, செய்நேர்த்தி குன்றியது என்ற குறை எழுந்தது. 1960களின் இறுதியிலே மெருகும் மாறிற்று. பொலியெஸ்தர் என்னும் தடித்த மெருகு வந்தது. அது கண்ணாடிபோல் ஒளிர்ந்தது, எளிதில் தேயாதது, மஞ்சளிப்பதும் குறைவு. வாங்குவோனுக்கு நன்மையென்று கருதிச் செய்த அம்மாற்றமே பின்னர் பெருங்குறையாகப் பேசப்பட்டது. கருவி முதுமையடைவதில்லை என்பதுதான் குற்றச்சாட்டு! 1965க்கு முற்பட்ட கித்தார்களின் விலை ஏறத் தொடங்கியது. காலப்போக்கிலே எளிய இசைக்கலைஞன் நெருங்க முடியாத உயரத்துக்குச் சென்றது. அத்தகைய பெருவிலை பெறும் கருவியை இரவு விடுதியின் மேடைக்கு எடுத்துச் செல்ல எவன் துணிவான்? வாங்கியவர்கள் பெட்டியிலே பூட்டி வைத்தனர்.

1985ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மீண்டும் கைமாறி, அதன் அலுவலர் குழுவினர் வசமாயிற்று. ஈராண்டு கழிந்து, வேண்டுவோர் வேண்டியபடி கருவி செய்து கொடுக்கும் தனித் தொழிற்கூடம் ஒன்று அமைந்தது. பழையன போன்ற புதியனவற்றை இக்கூடம் முதலில் பளபளப்பாகவே செய்தது. புகழ்பெற்ற கலைஞர் சிலர் அதிலே குறை கண்டனர். மேடையிலே புதுக்கருவியோடு தோன்றுவது புது மாப்பிள்ளைக் கோலத்தில் வயலுக்கு இறங்குவது போன்றது என்று அவர்கள் கருதினர் போலும். றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கீத் றிச்சட்ஸ், தமக்கென வந்த புதிய கித்தார்களைச் சற்று அடித்து உரசித் தரும்படி கேட்டாரென்று அத்தொழிலில் உள்ளோர் கூறுவர். கூடத்திலே தலைசிறந்த வினைஞராக இருந்த ஜே பிளாக் என்பவரும், மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த வின்ஸ் குனெற்றோ என்பவரும் சேர்ந்து, கண்காட்சிக்கு வந்த அவ்விரு கருவிகளையும் உருவாக்கினர். 1995 முதல் 1999 வரை, ஃபென்டர் கூடத்திலிருந்து உடல்களும் கழுத்துகளும் மிசூரியிலுள்ள குனெற்றோவின் பட்டறைக்குச் சென்று, முதுமையடைந்து திரும்பிவந்தன. பின்னர் நிறுவனத்தாரே அத்தொழிலைத் தம்மகத்தே ஏற்றனர்.

முதுமையூட்டும் முறைகளில் சில நகைப்பை விளைக்கும். சில வியப்பை விளைக்கும். மெருகு வெடிக்க வேண்டுமாயின், உடலைக் கடுங்குளிர்ப் பெட்டியில் வைத்து எடுத்து உடனே வெப்பத்துக்குக் காட்டுவர். ஆணிகளையும் பாலத்தையும் ஐதரோக்குளோரிக்கமிலத்தின் ஆவி நிறைந்த மூடிய கலத்தில் வைத்தால், பல்லாண்டு வியர்வை செய்யும் வேலையைச் சில மணி நேரம் செய்துவிடும். வெள்ளைப் பிளாஸ்திக்குப் பகுதிகளுக்குச் சாயமேற்றித் தேநீர்க் கறை நிறம் கொடுப்பர். சாவிக்கொத்தினால் தட்டுவர், திருப்புளியின் பிடியினால் இடிப்பர், அரத்தாளும் உருக்குப் பஞ்சும் கொண்டு தேய்ப்பர். கிப்சன் நிறுவனத்தின் கித்தார்களுக்கு முதுமையூட்டிப் பெயர்பெற்ற ரொம் மேர்ஃபி என்பவர், மெருகின் வெடிப்புக்களைச் சவர அலகினால் ஒவ்வொன்றாகக் கீறி வந்தார். 2021ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே அந்நிறுவனம் ஒரு கூடத்தைத் திறந்தது.

இவ்வேலையின் அருமை தேய்ப்பதில் இல்லை. எங்கே நிறுத்துவது என்று அறிவதில் இருக்கிறது. கற்றுக்குட்டி ஒருவன் அரத்தாளை எடுத்தால், கை படாத மூலையையும் தேய்த்துவிடுவான். திட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். உண்மைத் தேய்விலோ மெருகு படிப்படியாக மெலிந்து, அடிப்பூச்சு தெரிந்து, பின்னரே மரம் தெரியும். வெளிப்பட்ட மரமும் வெண்மையாக இராது. வியர்வையும் தூசியும் ஊறிப் பழுப்பேறியிருக்கும். இதனாலேயே முதுமையூட்டுநர் பழைய கருவிகளைப் பன்னாள் கூர்ந்து பார்க்கின்றனர். அவர்கள் உண்மையிலே கற்பது மரத்தையன்று. மனிதர் நிற்கும் முறையை, கை வீசும் முறையை.

கண்ணுக்காகத் தொடங்கிய இவ்வேலையில் கைக்குக் கிடைத்த பயன்தான் பெரிது. புதுக்கித்தாரின் கழுத்திலே தடித்த மெருகு இருந்தால், வியர்த்த உள்ளங்கை அதில் ஒட்டும். கை மேலும் கீழும் ஓடும்பொழுது தடங்கல் உண்டாகும். பழங்கழுத்திலோ மெருகு பெருமளவு போய்விட்டது. உலர்ந்து வழுவழுத்த மரம் கையோடு பேசும். விரற்பலகையின் இரு விளிம்புகளும் புதிதில் கூராக இருந்து, ஆண்டுகள் செல்ல உருண்டுபோகும். முதுமையூட்டுநர் இவ்விரண்டையும் செய்து கொடுக்கின்றனர். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் பழகிய கருவி என்று கை ஒப்புக்கொள்ளும். வடுக்கள் இல்லாமல் கழுத்தை மாத்திரம் இவ்வாறு பதப்படுத்தித் தரும்படி கேட்போரும் உளர்; அவர்களுடைய கேள்வியே அறிவுடையது எனத் தோன்றுகிறது.

ஒலியின் செய்தி வேறு. மெலிந்த மெருகினூடே மரம் மூச்சுவிடுகிறது, அதனால் ஒலி திறந்து வருகிறது என்று ஒரு சாரார் உறுதியாகக் கூறுவர். ஆனால் மின் கித்தாரின் ஒலி, உருக்குத் தந்தியும் காந்தமும் சுருளும் கூடிப் பிறப்பது. பலகையின் மேலுள்ள மயிரிழைப் பூச்சு அதிலே பெரும் பங்கு வகிக்க இடமில்லை. மேலும், எவ்வளவு பழைய கித்தாராயினும் அதில் ஒலிக்கும் தந்தி பழையதன்று. மேடைக் கலைஞன் தந்தியை அடிக்கடி மாற்றுகிறான். தேய்ந்த மெட்டுக்கம்பிகளையும் பிடுங்கிப் புதியன பதிக்கின்றனர். ஒலிக்குக் காரணமான பகுதிகளில் உண்மையாகவே பழையனவாக எஞ்சுவன காந்தங்களும் செப்புச் சுருளுமே. ஸ்ட்ராற்றோகாஸ்டரின் ஒவ்வொரு சுருளிலும் மயிரினும் மெல்லிய கம்பி ஏறக்குறைய 8000 சுற்றுக்கள் சுற்றப்பட்டிருக்கும். முற்காலத்திலே அக்கம்பியைப் பெண் தொழிலாளர் கையால் வழிநடத்திச் சுற்றியதால், ஒரு சுருள்போல் மற்றொன்று அமையவில்லை. இக்காலத்தில் முதுமையொலி தேடுவோர் அந்தக் கையொழுங்கின்மையை மீண்டும் செய்து பார்க்கின்றனர். காந்தத்தின் வலிமையைச் சற்றே குறைத்தும் பார்க்கின்றனர். அரத்தாளைவிட இது ஒலிக்கு நேர்மையான வழி.

பழமையின் ஒலி என்பது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு வயலினே சான்று. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், 21 வயலின் கலைஞருக்கு ஒளிபுகாத கண்ணாடி அணிவித்து, ஆறு வயலின்களைக் கொடுத்து மீட்டச் செய்தனர். மூன்று புதியன. மூன்று பழையன, அவற்றுள் இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை. பழைய மரத்தின் மணத்தால் கண்டுகொள்ளாதபடி நாடி படும் இடத்தில் வாசனைத் திரவியமும் தடவியிருந்தனர். பெரும்பாலோர் புதிய வயலினையே விரும்பினர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. கண்ணும் மூக்கும் காதுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்து வந்திருக்கின்றன என்பது அன்று வெளிப்பட்டது.

புதியதைப் பழையதாக்கும் வழக்கமும் வயலினிலிருந்தே வருகிறது. பாரிஸ் நகரிலே 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷான் பட்டீஸ்ற் வியோம் என்னும் வயலின் வினைஞர், பழைய இத்தாலிய வயலின்களை அவற்றின் தேய்வோடும் கீறலோடும் படியெடுப்பதில் நிகரற்றவர். பகனினியின் புகழ்பெற்ற குவார்னேரி வயலினை அவர் படியெடுக்க, அப்படியைப் பகனினி தம் மாணவன் சிவோரிக்கு அளித்தார். இதில் ஒரு விந்தை உண்டு. ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்த 'மெசையா' என்னும் வயலின் அதிகம் மீட்டப்படாமல் புதுமெருகோடு எஞ்சி, வியோமின் கைக்கு வந்தது. இப்பொழுது ஒக்ஸ்ஃபோர்டு நகரில் அஷ்மோலியன் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. அது தேயாமல் இருப்பதைக் கண்டு, இஃது ஸ்ட்ராடிவாரியின் வேலையன்று, வியோமே செய்த போலி என்று ஐயுற்றோர் உண்டு. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்து அதன் காலத்தை நிறுவ நேர்ந்தது. பழமைக்கு வடு இல்லாவிட்டால் உலகம் நம்புவதில்லை!

வடுவை விலைக்கு விற்பதிலுள்ள சிக்கல் முழுவதையும் ஒரேயொரு கித்தாரிலே காணலாம். அயர்லாந்தின் கோர்க் நகரில் வளர்ந்த றோறி கலகர், 1963ஆம் ஆண்டிலே, பதினைந்து வயதில், 1961இல் செய்யப்பட்ட ஸ்ட்ராற்றோகாஸ்டர் ஒன்றை 100 பவுணுக்குக் கடனிலே வாங்கினார். முதலில் அதனை வருவித்தவர் சிவப்பு நிறக் கித்தார் கேட்டிருந்தார். வந்ததோ கருமை சூழ்ந்த பொன்னிறம். அவர் கைவிட்டதால் கலகருக்குக் கிடைத்தது. 1960களின் நடுவே டப்ளின் நகரிலே அது களவுபோயிற்று. பல நாட்களின் பின், பள்ளமொன்றில் மழையில் நனைந்து கிடந்த நிலையில் மீட்கப்பட்டது. அதன் பின்னர் மெருகு விரைவாகக் கழன்றது. கலகரின் வியர்வையும் மிக்கது. மேடையிலே இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஓயாமல் மீட்டுவார். 1970களுக்குள் அந்தக் கித்தார் பெரும்பாலும் வெறும் மரமாகிவிட்டது. அவர் அதற்கு மீண்டும் மெருகிடவில்லை. 1995 யூன் மாதத்திலே, றெலிக் கித்தார்கள் வெளிவந்த அதே ஆண்டில், அவர் காலமானார்.

பின்னர் ஃபென்டர் கூடத்தார் அக்கருவியை வாங்கிப் பார்த்து, அளந்து, படியெடுத்து விற்பனைக்கு விட்டனர். ஆறு முறுக்காணிகளில் ஒன்று மற்றவற்றோடு இணங்காமல் இருப்பது உட்பட யாவும் அப்படியே அமைக்கப்பட்டன. டப்ளின் மழை நனைத்த மரத்தின் தோற்றமும், ஓர் இளைஞனின் கை முப்பதாண்டாய்த் தேய்த்த தேய்வும், ஒரே வார்ப்பாய்ப் படிதோறும் வந்தன. எரிக் கிளப்டனின் 'பிளாக்கி' என்னும் கருவிக்கும் 2006இல் இவ்வாறே 275 படிகள் செய்யப்பட்டன. அவை படிகளே என்று நிறுவனத்தார் மறைக்கவில்லை. தலைப்பகுதியின் பின்புறத்தில் கூடத்தின் முத்திரை உண்டு. ஆகவே இதனைப் பொய் என்று கூறுதல் தகாது. எனினும் முத்திரையை அழித்துவிட்டுப் பழங்கருவியென்று விற்கும் கயவருக்கு, இக்கைத்திறனே கருவியாய் உதவுகிறது. பழங்கித்தார் வணிகர் மெருகை ஊதாக்கதிர் விளக்கின் ஒளியிலே பார்த்தும், உட்பகுதிப் பற்றாசினைத் திறந்து பார்த்தும் தெளிய வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

கலகரின் உண்மைக் கித்தார் 2024 ஒக்டோபரில் இலண்டனில் ஏலத்திற்கு வந்தது. கேள்வி 700,000 பவுணில் முடிந்தது. கட்டணங்களோடு 889,400 பவுண் ஆயிற்று. அயர்லாந்தின் தேசிய அரும்பொருட்சாலைக்கு வழங்கவென்றே அது வாங்கப்பட்டது. அரும்பொருட்சாலையிலே அதன் தேய்வு நின்றுவிடும். வியர்வை படாது, கொளுக்கி உரசாது. படிகளோ இசைக்கலைஞரின் கைகளில் இருக்கின்றன. அவற்றில் எஞ்சியுள்ள மெருகும் அதே நைத்திரோசெலுலோசுதான். வாங்கியவன் கலகரைவிட உயரமானவனாயின் அவன் முன்கை வேறோரிடத்தில் படியும். அங்கே, வாங்கிய வடுவுக்கு இரண்டு விரற்கடை அப்பால், மெருகு மெலியத் தொடங்கும்.